அலமாரியில் ஏழு சேலைகள்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு 51 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். எட்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன், “பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்து போடு” என்று சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போனான். நம்பிப் போட்டேன். அது விடுதலைப் பத்திரம் என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டிலும் தோட்டத்திலும் எனக்கு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் ஒரே ஊர், ஒரே கோயில். ஆராதனையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் கொடுக்கிற நேரத்தில் மதினியின் கை என்னிடம் வந்துவிடக் கூடாது என்று தூண் ஓரமாகப் போய் உட்காருகிறேன். கிறிஸ்மஸ்தோறும் அண்ணன் தன் மகன் கையில் ஒரு சேலை கொடுத்துவிடுவான். வாங்கி அலமாரியில் வைப்பேன், பிரித்ததில்லை. ஏழு சேர்ந்துவிட்டது. மன்னிக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன், வரவில்லை. என் கசப்பினால்தான் மகளுக்கு வரன் தட்டிப்போகிறது என்று உபவாச ஜெபத்தில் ஓர் அக்கா சொல்லிவிட்டார். மன்னிக்காத நான் பண்டிகை அன்று திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்கலாமா? விடுதலை தரப் பிறந்தார் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்திரம்தான் ஞாபகம் வருகிறது. அம்மா மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் வீட்டில் இறந்தாள். கடைசியில் என்னைக் கேட்டாளாம். நான் போகவில்லை.

(மூன்று பக்கக் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு தடவையும் அண்ணன்தான் தெரிந்தார். மூன்றாவது தடவைதான் அம்மாவைப் பற்றிய அந்தக் கடைசி வரி கண்ணில் பட்டது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மகள் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். வரன் தட்டிப்போவதற்கும் உங்கள் மனக்கசப்புக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். “அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல” என்றார் இயேசு. யோவான் 9ஆம் அதிகாரம். அந்த அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஜெபக்கூட்டத்தில் இப்படி ஆளுக்கு ஆள் தீர்ப்பு எழுதுவதை முப்பத்தொரு வருடம் சபைச் சேகரங்களில் குருவாக இருந்து பார்த்துவிட்டேன். எனக்கு இன்றுவரை கோபம் வருகிறது. ஏற்கெனவே முதுகில் மூட்டையோடு நிற்பவள் தலையில் இன்னொரு மூட்டை. அதை இறக்கி வையுங்கள். மகளிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், ஒருவேளை அவள் காதுக்கும் போயிருக்கும்.

அடுத்தது சொத்து. “போதகரே, ஆஸ்தியைப் பாகம் பிரித்து என்னுடனே பங்கிடும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடவேண்டும்” என்று ஒருவன் இயேசுவிடமே வந்து கேட்டான். என்னை உங்களுக்குப் பங்கிடுகிறவனாக வைத்தது யார் என்று திருப்பிக் கேட்டுவிட்டார். அவரே ஏற்காத வேலையை நான் ஏற்க முடியாது. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன். நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்துவது 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வித்தியாசம் கிடையாது. ஆக, நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தது ஏதோ சீர்வரிசை பாக்கி இல்லை, சட்டப்படி உங்களுக்குச் சேர வேண்டிய பங்கு. பட்டா மாற்றத்துக்குப் போகிற இடம் தாலுகா அலுவலகம். அண்ணன் கூட்டிப்போனது பத்திரம் பதிகிற இடம். இந்த வித்தியாசம் தெரியாமல் போனதற்காக உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். படித்தவர்களே ஏமாறுகிற இடம் அது. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, விஷயம் தெரிய வந்ததிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. அது தாண்டிவிட்டதுபோல் தெரிகிறது. அம்மாவின் பங்கு என்னவாயிற்று என்பது தனிக் கேள்வி. ஒரு வழக்கறிஞரிடம் பத்திர நகலைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். கேட்பது பாவமில்லை. மன்னிக்கிறவள் வக்கீலைப் பார்க்கலாமா என்று மனசு உறுத்தினால் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவரையும் இரண்டு பையன்களையும் தீ வைத்துக் கொன்றார்கள். கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்று அந்த அம்மா சொன்னார். வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அவர் மன்னித்தது மன்னித்ததுதான். நீதிமன்றம் செய்தது அதன் வேலை.

சரி, இப்போது நீங்கள் கேட்ட கேள்வி. திருவிருந்து எடுக்கலாமா?

தூண் ஓரமாக உட்காருவதை எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் அந்தக் காட்சி அப்படியே கண்முன் வந்தது. பெண்கள் பக்கம், வரிசையாகப் பெஞ்சு. சபைக் குருவான ஐயர் பலிபீடத்தண்டையிலிருந்து சமாதானத்தைக் கொடுக்க, அது கை மாறிக் கை மாறிக் கடைசிப் பெஞ்சுவரை வருகிறது. ஒருத்தியின் இரண்டு உள்ளங்கைக்கு நடுவே இன்னொருத்தியின் கை. நீங்கள் குனிந்து பைபிளுக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பீர்கள். அந்தத் தேடலை நான் மேடையிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். யார் யாரோடு பேசுவதில்லை என்று சபைக் கணக்கரைவிட ஐயருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, மூன்று வருடத்தில் தன் திருவிருந்து ஆராதனை முறையை எழுதியபோது, இந்தச் சமாதானத்தை எங்கே வைத்தார்கள் என்று கவனியுங்கள். காணிக்கைக்கு முன்னால். “சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது” என்ற 133ஆம் சங்கீத வசனம், அப்புறம் சமாதானம், அதற்குப் பிறகுதான் காணிக்கைப் பை. அந்த வரிசைக்குப் பின்னால் இருப்பது மத்தேயு 5:23: நீ காணிக்கை செலுத்த வந்து, “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு.

இந்த வசனம் உங்களைக் குத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் அது என்ன சொல்கிறது என்று இன்னொரு தடவை பாருங்கள். உனக்கு உன் சகோதரன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. உன்மேல் அவனுக்குக் குறை இருந்தால் என்றுதான் இருக்கிறது. தப்புச் செய்தவன்தான் முதலில் எழுந்து போக வேண்டும். எழுந்து போக வேண்டியவர் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சபை என்னவோ இந்த வசனத்தை அடிபட்டவர்களிடம் காட்டியே பழகிவிட்டது.

அதனால் என் பதில்: எடுங்கள். “தன்னைத்தானே சோதித்தறிந்து” என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வசனத்தைக் காட்டி யாராவது தடுத்தால், அடுத்த வார்த்தையையும் படிக்கச் சொல்லுங்கள். சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன் என்றுதான் இருக்கிறது. சோதித்தறிந்து எழுந்து வெளியே போகக்கடவன் என்று இல்லை. மன்னிக்க வேண்டும் என்று ஏழு வருடமாக முட்டி போடுகிற ஒருத்திக்கு அந்த மேசை இல்லை என்றால், வேறு யாருக்கு இருக்கிறது?

ஆனால் கதை அதோடு முடியவில்லை. விடுதலை என்ற சொல்லே உங்களுக்குப் புண்ணாகிப் போயிருக்கிறது. இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

விடுதலைப் பத்திரம் என்றால் என்ன? ஒரு சொத்தில் எனக்கு இருக்கிற பாத்தியதையை நானாக விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது. சுவிசேஷங்களை எழுதிய கிரேக்க மொழியில் மன்னிப்புக்கு ‘அஃபெசிஸ்’ என்று ஒரு சொல் உண்டு. விட்டுவிடுதல் என்று அர்த்தம். கடனை விடுவது, கைதியை விடுவது எல்லாம் அதற்குள் வரும். லூக்கா 1ஆம் அதிகாரத்தில் சகரியா, பிறந்த குழந்தை யோவானை முன்னால் வைத்துக்கொண்டு பாடுகிறாரே, “பாவமன்னிப்பாகிய இரட்சிப்பை” என்று, அங்கே வருவது இந்தச் சொல். 4ஆம் அதிகாரத்தில் இயேசு நாசரேத்து ஜெப ஆலயத்தில் எழுந்து நின்று, “சிறைப்பட்டவர்களுக்கு விடுதலையையும்” என்று வாசிக்கிறாரே, அங்கேயும் அதே சொல். தமிழில் மன்னிப்பு, விடுதலை என்று இரண்டாகப் பிரிந்திருப்பது மூலத்தில் ஒன்று. திருவிருந்தில் பாத்திரத்தை எடுத்துச் சொல்கிற “பாவமன்னிப்புண்டாகும்படி” என்பதும் அதுவே. காணிக்கையை அங்கே வைத்துவிட்டுப் போ என்கிற அந்த ‘விட்டு’கூட அதே வேரிலிருந்து வந்த வினைச்சொல்தான். இதைப் படித்த காலத்தில் எனக்கு ஒருநாள் தூக்கம் வரவில்லை.

உங்களுக்கு இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அண்ணன் உங்களிடம் வாங்கியதும் விடுதலைதான், ஆனால் திருட்டு விடுதலை. எதை விடுகிறோம் என்று தெரியாமல் விட்டது. அதனால்தான் அந்தச் சொல் உங்கள் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. இப்போது ஊரும் சபையும் உங்களிடம் கேட்பதும் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிறது: “என்ன ஏதுன்னு பாக்காதே, பண்டிகை வருது, மன்னிச்சிரு.” படித்துப் பார்க்காமல் இன்னொரு கையெழுத்து. உங்கள் மனசு மாட்டேன் என்கிறது. மாட்டேன் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை, ஒருமுறை சூடு பட்ட மனசு அது.

பத்திரத்தைப் படியுங்கள். அதாவது, மன்னிக்க வேண்டிய கடன் எவ்வளவு என்று முதலில் எழுதிப் பாருங்கள். மத்தேயு 18இல் இயேசு சொன்ன உவமை, “கணக்குப் பார்க்க வேண்டுமென்றிருந்த ஒரு ராஜா” என்றுதான் தொடங்குகிறது. பேரேட்டைத் திறந்த பிறகுதான் மன்னிப்பு. முதல் வேலைக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம், ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஆக ஆறு கோடி நாள் கூலி. யாரும் கட்ட முடியாத தொகை. அவனுக்கு உடன்வேலைக்காரன் தர வேண்டியது நூறு வெள்ளிப்பணம். இதை ‘அற்பக் கடன்’ என்று பிரசங்கத்தில் நானே பல வருடம் சொல்லியிருக்கிறேன். தப்பு. நூறு நாள் கூலி என்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குடும்பம் சாப்பிடுகிற பணம். நமக்குச் செய்யப்பட்ட அநியாயத்தை இயேசு சின்னது என்று சொல்லவில்லை. அதன் அளவை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் வேறொரு கடனைக் காட்டினார்.

ஆகவே ஒரு நோட்டில் எழுதுங்கள். தோட்டம் எத்தனை சென்ட், வீட்டில் உங்கள் பங்கு இன்று என்ன விலைக்குப் போகும், மகள் கல்யாணத்துக்கு அது எப்படி உதவியிருக்கும். பணம் மட்டும் போதாது. ஆபீஸ் படிக்கட்டில் ஏறும்போது அண்ணன் உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாரா, வரும் வழியில் காபி வாங்கிக் கொடுத்தாரா, அதையும் எழுதுங்கள். நிலம் போனதைவிட அந்தக் காபிதான் அதிகம் வலிக்கும். என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்கள் எல்லாரும் கடைசியில் அழுவது அப்படி ஒரு சின்ன விஷயத்துக்குத்தான்.

எழுதி முடித்த பிறகு, இதை நான் அவரிடமிருந்து வசூலிக்கப் போவதில்லை என்று முடிவெடுக்க முடியுமா என்று பாருங்கள். முடிவு என்கிறேன், உணர்ச்சி என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் எவரெட் வொர்திங்டன் என்று ஓர் உளவியலாளர், மன்னிப்பைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவர். 1996 புத்தாண்டுச் சமயத்தில் அவருடைய வயதான அம்மாவை, வீடு புகுந்த திருடன் கொன்றுவிட்டான். ஏட்டில் எழுதியதை அவர் தன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியதாயிற்று. மன்னிக்க முடிவெடுப்பது வேறு, மனசு ஆறுவது வேறு, இரண்டும் ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை என்று அவர் பிரித்துச் சொல்கிறார். என் அனுபவமும் அதுதான். ‘ஜெபிக்கிறேன், வரவில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதைப் பற்றி. அது பின்னால் வரும், ஒருநாள் வந்து மறுநாள் போகும், மறுபடி வரும். தோட்டத்தில் வாழைத்தார் வெட்டி ஏற்றுவதைப் பார்க்கும்போது திரும்பக் கொதிக்கும். கொதித்தால் மன்னிக்கவில்லை என்று அர்த்தமாகாது.

மன்னித்தால் அண்ணன் வீட்டில் போய்ச் சாப்பிட வேண்டுமா? கேட்காவிட்டாலும் உங்களுக்குள் அந்தப் பயம் இருக்கும். ஆதியாகமத்தில் அண்ணன் ஏசாவும் அவரை ஏமாற்றிய தம்பி யாக்கோபும் இருபது வருடத்துக்குப் பிறகு சந்தித்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதுவும் சொத்துத் தகராறுதான், ஏமாற்றி வாங்கியதுதான். அழுது முடித்ததும் ஏசா, வா சேர்ந்து போகலாம் என்கிறார். யாக்கோபு ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு, ஏசா இருக்கிற சேயீருக்குப் போகாமல் சுக்கோத்தில் வீடு கட்டிக்கொள்கிறார். ஒப்புரவானார்கள், தனித்தனியாகத்தான் இருந்தார்கள். அப்புறம் அப்பா ஈசாக்கு இறந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து அடக்கம் பண்ணினார்கள் என்று ஒரே வரியில் வருகிறது. அந்த வரி எனக்குப் பிடிக்கும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு சபையில், பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேரைக் கிறிஸ்மஸ் ஆராதனையில் முன்னால் கூப்பிட்டு, எல்லாரும் பார்க்கக் கைகொடுக்க வைத்தேன். சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. எனக்கும் பெருமை. பொங்கலுக்குள் இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் நின்றார்கள். தம்பி என்னிடம் வந்து, “ஐயா, நீங்க கூப்பிட்டதால கை கொடுத்தேன், அவன் வாய்க்காலை இன்னும் அடைச்சுத்தான் வச்சிருக்கான்” என்றார். அதற்கப்புறம் நான் யாரையும் முன்னால் கூப்பிட்டதில்லை. உங்கள் ஊர் ஐயர் அப்படி ஏதாவது செய்ய நினைத்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இனி அந்தக் கடைசி வரி. ‘கடைசியில் என்னைக் கேட்டாளாம். நான் போகவில்லை.’

அண்ணனைப் பற்றி மூன்று பக்கம். அம்மாவைப் பற்றி ஒரு வரி. கையெழுத்துகூட அங்கே மாறியிருக்கிறது, சின்னதாக, ஓரத்தில் இடுக்கி எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, நான் நினைப்பதைச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். ஏழு வருடமாக உங்களைத் தூங்கவிடாமல் செய்தது முதல் நான்கு வருடம் பத்திரமாக இருக்கலாம். கடைசி மூன்று வருடமாக அது அம்மா. அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தீர்கள். அம்மா அந்த வீட்டுக்குள் படுத்திருந்தாள். அண்ணன்மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டால், போகாமல் இருந்ததற்கு உங்களிடம் வேறு காரணம் இருக்காது. அந்தக் காரணம் கையைவிட்டுப் போய்விடும் என்று மனசு பயப்படுகிறதோ என்னவோ.

நீங்கள் அண்ணனுக்கு மன்னிப்புக் கொடுக்க முடியாமல் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு மன்னிப்பு வாங்கிக்கொள்ள முடியாமல் நிற்பதாகத்தான் எனக்குத் தெரிகிறது. வாங்காத கையால் கொடுப்பது கஷ்டம்.

நம் கத்தோலிக்க உறவினர்கள் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பார்கள். நாம், “எங்களுக்கு நடுவிலே ஆள் வேண்டாம், நேரே ஆண்டவரிடம் சொல்லிக்கொள்வோம்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, முக்கால்வாசி நேரம் யாரிடமும் சொல்வதில்லை. “உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு” என்று புதிய ஏற்பாட்டு யாக்கோபு எழுதிய நிருபம் நம் பைபிளிலும் இருக்கிறது. ஆகவே பண்டிகைக்கு முன் ஒருநாள், ஆராதனை இல்லாத நேரத்தில், உங்கள் ஐயரிடமோ நீங்கள் நம்புகிற ஒரு மூத்த பெண்மணியிடமோ (அந்த உபவாச ஜெப அக்கா வேண்டாம்) போய் உட்கார்ந்து, அண்ணன் பேச்சை எடுக்காமல், அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். அவள் கேட்டாள், நான் போகவில்லை என்று வாயால் சொல்லுங்கள். ‘ஆனால்’ போடாமல் சொல்ல வேண்டும், அதுதான் சிரமம். அவர்கள், “நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து” என்கிற யோவான் நிருபத்து வசனத்தை உங்கள் பெயர் சொல்லி உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். மறுபடி ஒருநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அம்மாவிடமும் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கேட்குமா என்று இறையியல் கேள்வி எழுப்புவார்கள். இருக்கட்டும். உங்களுக்குக் கேட்க வேண்டும்.

கிறிஸ்மஸ் இதற்கெல்லாம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். மத்தேயு கிறிஸ்து பிறப்பின் கதையை நட்சத்திரத்தோடோ மேய்ப்பரோடோ தொடங்கவில்லை, வம்ச வரலாற்றோடு தொடங்குகிறார். ஆராதனையில் அதை வாசித்தால் எல்லாரும் கொட்டாவி விடுவோம். “யாக்கோபு யூதாவையும் அவன் சகோதரரையும் பெற்றான்” என்று இரண்டாம் வசனம். யார் இந்த யூதா? தம்பி யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன். இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். அப்பனிடம் இரத்தம் தோய்ந்த அங்கியைக் காட்டினார்கள். இயேசு பிறந்தது உடன்பிறந்தவனை விற்ற அந்த யூதாவின் வழியில். அதே அதிகாரம் 21ஆம் வசனத்தில்தான், அவர் தமது ஜனங்களின் பாவங்களை நீக்கி அவர்களை இரட்சிப்பார், அதனால் இயேசு என்று பேரிடு என்கிறான் தூதன். தமது ஜனம் என்றால் முதலில் இந்தக் குடும்பம்தான். விற்றவன், விற்கப்பட்டவன், ஆறுதலை ஏற்காமல் அழுத அப்பன் எல்லாரும் சேர்ந்தது. உங்கள் அண்ணனுக்கும் அதில் இடம் இருக்கிறது என்பது உங்களுக்கு இப்போது பிடிக்காது. உங்களுக்கு இடம் இருக்கிறது என்பதை மட்டும் இந்த வருடம் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

யோசேப்பைப் பற்றியும் ஒன்று. பின்னாளில் எகிப்தில் அதிபதியாகிவிட்ட அவர் முன் அண்ணன்மார் வந்து நின்றபோது அவர் உடனே கட்டிப்பிடிக்கவில்லை. கடுமையாகப் பேசினார், தனியே போய் அழுதார், திரும்பி வந்து அவர்களைச் சோதித்துப் பார்த்தார். கடைசித் தம்பி பென்யமீனுக்குப் பதில் என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இதே யூதா முன்வந்து நின்ற பிறகுதான் வாய்விட்டு அழுது, தான் யார் என்று சொன்னார். எகிப்தியருக்கும் அந்த அழுகை கேட்டது என்று எழுதியிருக்கிறது. ஆள் மாறியிருக்கிறானா என்று பார்ப்பதற்கு யோசேப்புக்கு நேரம் தேவைப்பட்டது. உங்களுக்கும் தேவைப்படும். அண்ணன் ஏழு வருடமாகச் சேலை அனுப்புகிறார். அதில் வருத்தம் இருக்கலாம், குற்ற உணர்ச்சி இருக்கலாம், ஊர் வாய்க்குப் பயந்தும் இருக்கலாம். பையன் கையில் கொடுத்துவிடுகிறவர், தான் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதையும் நான் மறக்கவில்லை. அவருடைய பங்கை அவர்தான் செய்ய வேண்டும்.

அந்தச் சேலைகளைப் பற்றி எதுவும் முடிவெடுக்காதீர்கள். திருப்பி அனுப்பவும் வேண்டாம், பண்டிகைக்கு ஒன்றை உடுத்திக்கொண்டு போய் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைக்கவும் வேண்டாம். அவை அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஆனால் அவற்றைக் கொண்டுவருகிற பையனைப் பற்றி ஒன்று கேட்கிறேன். முதல் வருடம் வந்தபோது ஐந்தாம் வகுப்பு, இப்போது பன்னிரண்டாம் வகுப்பு என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். வாசல் கேட்டில் நின்று, “அத்தை, அப்பா குடுத்தாங்க” என்று நீட்டிவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான், உள்ளே வா என்று நான் சொன்னதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவன் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. இந்த வருடமும் வருவான். முந்திரிக்கொத்து சுட்டிருப்பீர்கள் அல்லவா? சைக்கிளை ஸ்டாண்டு போடச் சொல்லி, உள்ளே கூப்பிட்டு, ஒரு தட்டில் நாலு எடுத்து வையுங்கள். பரீட்சைக்கு எப்படிப் படிக்கிறாய் என்று கேளுங்கள். கிளம்பும்போது, ஆச்சி கடைசியாக என்ன சொன்னாள் என்று அவனிடம் கேட்கத் தோன்றினால், கேளுங்கள். அவன் அப்போது வீட்டில்தானே இருந்திருப்பான்.